இடுப்பு எண் மட்டும் போதாது
பருத்த உடல்வாகு உள்ள ஆண்கள் பேன்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரெடிமேட் கடையில் 40 எண் பேன்ட்டைப் போட்டுப் பார்க்கிறீர்கள். இடுப்பில் சரியாக உட்காருகிறது; தொடையில் தொளதொளவென்று தொங்குகிறது. 38-ஐ எடுத்தால் கால் அழகாக நிற்கிறது. கொக்கி மாட்ட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இன்னொருவருக்கு இதற்கு நேர்மாறு. தொடையும் பின்பக்கமும் பிடிக்கும். இடுப்பிலோ கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஆள் பெருத்தவர் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்வார். கடைசியில் பெரும்பாலோர் ஏறுகிற பேன்ட்டை வாங்கி, பெல்ட்டை இறுக்கி, சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி மறைத்துக்கொண்டு நடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பேன்ட் பொருந்துவதற்கு எளிய விதி ஒன்று உண்டு. உடம்பில் எந்த இடம் பெருத்திருக்கிறதோ, அந்த இடத்துக்குப் பொருந்தும் பேன்ட்டை எடுங்கள். மற்ற இடங்களைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கூடுதல் துணியைப் பிடிப்பது எளிது. இல்லாத துணியை எந்தத் தையல்காரராலும் விட முடியாது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த விதியின் விரிவுதான்.

இது ஏதோ நாலைந்து பேருடைய சிக்கலும் அல்ல. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் 2015-16-இல் 28.2 சதவீதம், 2019-21-இல் 37 சதவீதம். அதாவது மூன்று பேரில் ஒருவருக்கும் மேல். வேட்டி கட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. காலையில் ஒரு கட்டு, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் தளர்த்தி ஒரு கட்டு என்று வேட்டி உடம்போடு ஒத்துப்போகும். ஆனால் பள்ளிக்கூட வாத்தியார், பேங்க் ஊழியர், காக்கி போடும் டிரைவர், போலீஸ்காரர், மதுரைக்குத் தினமும் பைக்கில் போய்வரும் கம்பெனி வேலைக்காரர் எல்லோரும் நாளில் பத்து மணி நேரம் பேன்ட்டுக்குள்தான் இருக்கிறார்கள். அந்தப் பத்து மணி நேரமும் உடம்பு நிம்மதியாக இருக்க வேண்டும்.

குறை உடம்பில் இல்லை

பேன்ட்டில் ஒட்டியிருக்கும் 38, 40, 42 என்ற எண் இடுப்பை மட்டும் சொல்கிறது. சீட் (பின்பக்கச் சுற்றளவு), தொடை, முட்டி, பாட்டம் (கால் முனைச் சுற்றளவு) ஆகியவற்றைக் கம்பெனி ஓர் அளவுப் பட்டியலை வைத்துத் தானாக முடிவு செய்துகொள்கிறது. இடுப்பு இரண்டு இஞ்சு கூடினால் சீட்டும் ஏறக்குறைய அவ்வளவு கூட வேண்டும், தொடையும் அதற்கேற்பக் கூட வேண்டும் என்பது அந்தப் பட்டியலின் கணக்கு. மனித உடம்பு அந்தக் கணக்குப்படி பெருப்பதில்லை. முப்பத்தைந்து வயதுக்கு மேல் பலருக்கு வயிறு மட்டும் முன்னால் வரும். கால் பழைய காலாகவே இருக்கும். அவருக்கு 42 கொடுத்தால், வயிற்றுக்காகக் கூட்டிய துணி தேவையே இல்லாமல் தொடையிலும் முட்டியிலும் வந்து தொங்குகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. எண் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருப்பதில்லை. 2010-இல் அமெரிக்காவின் எஸ்குவயர் இதழில் ஒருவர், 36 என்று அச்சிட்ட பேன்ட்டுகளைப் பல கடைகளில் டேப்பு வைத்து அளந்து எழுதினார். அவற்றின் உண்மையான இடுப்பு 37 இஞ்சிலிருந்து 41 இஞ்சு வரை இருந்தது. வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று சின்ன எண்ணை ஒட்டுவது உலகமெங்கும் நடக்கிற வழக்கம். ஒரு கடையில் 38 ஏறியது, இன்னொரு கடையில் 42 கேட்கிறது என்றால் ஒரு வாரத்தில் நீங்கள் பெருத்துவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை.

நம் நாட்டு உடல்வாகுக்கென்று சொந்த அளவுப் பட்டியல் நெடுங்காலம் இல்லாமல் இருந்தது. வெளிநாட்டுப் பட்டியல்களைத் தழுவித்தான் நம்முடைய ஆயத்த ஆடை வளர்ந்தது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனமான நிஃப்ட், ‘இந்தியா சைஸ்’ என்ற பெயரில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேருக்கு மேல் ஸ்கேனர் வைத்து உடலளவு எடுக்கும் திட்டத்தைக் கையிலெடுத்தது. அப்படியொரு பட்டியல் எல்லாக் கம்பெனிக்கும் பழகும்வரை, அளவு பார்க்கும் வேலை உங்கள் கையிலும் உங்கள் தையல்காரர் கையிலும்தான் இருக்கிறது.

மூன்று வகை உடல்வாகு

முதலில் நீங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடியை விட டேப்பு நன்றாகச் சொல்லும்.

வயிறு பெருத்தவர்: இடுப்பளவு சீட் அளவை எட்டிப் பிடித்திருக்கும், அல்லது தாண்டியிருக்கும். கால் மெலிதாக இருக்கும். இவருக்கு முன்பக்கத் துணி கூடுதலாக வேண்டும். கால் பகுதியைப் பிடிக்க வேண்டும். ரெடிமேட் எடுத்தால் இடுப்புக்குப் பொருந்துவதை எடுத்து, தொடையிலிருந்து பாட்டம் வரை ஆல்ட்டர் செய்ய வேண்டும்.

சீட்டும் தொடையும் பெருத்தவர்: இடுப்பைவிடச் சீட் ஏழு, எட்டு இஞ்சு அதிகமாக இருக்கும். உடற்பயிற்சி செய்கிறவர்கள், விளையாடி வளர்ந்தவர்கள், பரம்பரையாகவே தொடை பருத்தவர்கள் இதில் வருவார்கள். இவர் சீட்டுக்குப் பொருந்துவதை எடுத்து, பின் நடுத்தையலில் இடுப்பைப் பிடிக்க வேண்டும். இரண்டு இஞ்சு வரை பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து அசிங்கமாகத் தெரியும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் பெருத்தவர்: இவருக்கு ரெடிமேட் ஓரளவு சரியாக அமையும். கவட்டை உயரத்தையும் நீளத்தையும் மட்டும் கவனித்தால் போதும்.

வயிற்றுக்கு மேலா, கீழா?

தையல்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பலர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

வயிற்றுக்குக் கீழே போடுகிறவருக்கு இடுப்புப்பட்டி முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் நிற்கும். ஆகவே கவட்டையிலிருந்து இடுப்புப்பட்டி வரையுள்ள உயரத்தில், முன் உயரம் குறைவாகவும் பின் உயரம் கூடுதலாகவும் வெட்ட வேண்டும். இரண்டையும் வழக்கமான கணக்கில் வெட்டிவிட்டால், முன்னால் துணி மடிந்து பிதுங்கும். பின்னால் குனியும்போதெல்லாம் பேன்ட் இறங்கும். பைக்கில் உட்காரும்போது பின்பக்கம் இறங்கி, சட்டையை ஒரு கையால் இழுத்துவிட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எல்லோருக்கும் பின் உயரம் ஒரு இஞ்சோ ஒன்றரை இஞ்சோ போதவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பெல்ட்டை இறுக்குவது தீர்வாகாது. இறுக்க இறுக்க வயிறு மேலே தள்ளி, பேன்ட் இன்னும் கீழே போகும்.

தொப்புள் அளவுக்கு, வயிற்றின் மேலேயே போடுகிறவருக்கு முன் உயரம் கூடுதலாக வேண்டும். ஜிப்பும் நீளமாக வேண்டும். பழைய காலத்துப் பெரியவர்கள் இப்படித்தான் போட்டார்கள். இப்போது இது பழைய பாணியாகத் தோன்றினாலும், வயிறு பெருத்தவருக்கு இதில் இரண்டு நன்மை உண்டு. பேன்ட் இறங்காது. மார்பிலிருந்து கால் வரை துணி நேராக விழுவதால் உடம்பு ஒழுங்காகத் தெரியும். சட்டையை உள்ளே விட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பேன்ட்டாவது இப்படித் தைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்த இடத்தில் போடுவீர்களோ, அந்த இடத்தில்தான் இடுப்பளவு எடுக்க வேண்டும். கீழே போடுகிறவருக்குத் தொப்புளில் அளவெடுத்தால் பேன்ட் இறங்கிக்கொண்டே இருக்கும்.

வீட்டிலேயே எடுக்கக்கூடிய ஆறு அளவுகள்

ஒரு டேப்பும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் போதும். பாக்கெட்டில் பர்ஸ், செல்போன், சாவி எதுவும் இருக்கக் கூடாது. வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் இன்னும் நல்லது. பேன்ட் அந்த நேரத்திலும் பொருந்த வேண்டுமல்லவா.

ஒன்று, இடுப்பு. டேப்புக்குள் ஒரு விரல் நுழையட்டும்.

இரண்டு, சீட். பின்பக்கம் மிகவும் எடுப்பாக இருக்கும் இடத்தைச் சுற்றி. இந்த அளவோடு இரண்டரை முதல் நான்கு இஞ்சு வரை தளர்வு சேர்க்க வேண்டும். பருத்தவர்களுக்கு ஒட்டித் தைப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம்.

மூன்று, தொடை. கவட்டைக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேல்பகுதியில். நின்று ஒருமுறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை எடுங்கள். உட்காரும்போது தொடை பரவும். பேன்ட் இரண்டாவது அளவுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

நான்கு, கவட்டை உயரம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதுகு வளையாமல் ஒரு மர ஸ்டூலில் உட்காருங்கள். பேன்ட் நிற்கும் இடத்திலிருந்து ஸ்டூல் பலகை வரை, பக்கவாட்டில் அளக்கச் சொல்லுங்கள். கூடவே, முன் இடுப்பிலிருந்து டேப்பைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய்ப் பின் இடுப்பு வரை ஒரு சுற்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறும் சீட்டும் எவ்வளவு துணி கேட்கின்றன என்பதை இந்தச் சுற்று சொல்லிவிடும்.

ஐந்து, முட்டியும் பாட்டமும். உடம்பில் எடுப்பதைவிட, உங்களுக்குப் பிடித்த பேன்ட்டில் எடுப்பது எளிது.

ஆறு, நீளம். வழக்கமாகப் போடும் ஷூவோ செருப்போ போட்டுக்கொண்டு, பேன்ட் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். காலையில் நிற்கும் இடமும் சாயங்காலம் நிற்கும் இடமும் வேறாக இருந்தால் பின் உயரம் போதவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் நீளத்தை மட்டும் குறைப்பதால் பயனில்லை.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் ஆர்டர் போடும்போதும் இந்தத் தாள்தான் துணை. இணையக் கடைகளில் அளவுப் பட்டியல் கொடுத்திருந்தால் இடுப்பைப் பார்த்து நிறுத்தாமல், சீட், தொடை, கவட்டை உயரம் ஆகியவற்றையும் ஒத்துப் பாருங்கள். அந்த மூன்றும் கொடுக்காத கடையில், திருப்பி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சுருக்கம் சொல்லும் செய்தி

நல்ல தையல்காரர் டிரையல் பார்க்கும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். ஓரடி தள்ளி நின்று துணியில் விழும் சுருக்கங்களைத்தான் பார்ப்பார். அந்தக் கண் நமக்கும் பழகிவிட்டால் எந்தக் கடைக் கண்ணாடி முன்னாலும் நாமே முடிவெடுக்கலாம்.

கவட்டையிலிருந்து இரண்டு தொடைக்கும் பூனை மீசை போலக் கோடுகள் விரிந்தால் சீட்டோ தொடையோ பிடிக்கிறது. பெரிய எண்ணுக்குப் போக வேண்டும்.

பக்கப் பாக்கெட்டின் வாய் திறந்தே நின்றால் சீட்டில் இடமில்லை. பாக்கெட்டில் குறை என்று நினைத்து அதைத் தைத்து மூடிவிடாதீர்கள்.

நிற்கும்போதே பிளீட் (இடுப்புப்பட்டிக்குக் கீழே உள்ள முன்மடிப்பு) விரிந்தால் வயிற்றுக்கோ சீட்டுக்கோ துணி போதவில்லை.

பின்னால் துணி நடுவில் உள்வாங்கினால் பின் கவட்டை குறைவு. சீட்டுக்குக் கீழே தொடையின் பின்புறம் மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் பின் உயரமோ சீட்டோ தேவைக்கு மேல் இருக்கிறது.

உட்காரும்போது பின் இடுப்பில் கை நுழையும் அளவு இடைவெளி விழுந்தால் இடுப்புப்பட்டி உடம்பின் வளைவுக்கு வெட்டப்படவில்லை. பின் நடுத்தையலில் பிடிக்கலாம்.

கண்ணாடி முன் நின்று பார்ப்பது பாதிச் சோதனைதான். உட்கார்ந்து பாருங்கள். குனிந்து செருப்பைத் தொடுங்கள். ஒரு காலை, பஸ் படியில் வைப்பதுபோல் உயரத்தில் தூக்கி வையுங்கள். பைக்கில் போகிறவரானால் காலை அகட்டி உட்கார்ந்து பாருங்கள். இந்த நான்கிலும் கவட்டை பிடிக்காமல், பின் இடுப்பு இறங்காமல் இருந்தால் அந்தப் பேன்ட் உங்களுடையது.

பிளீட், கால் அகலம், பாட்டம்

எழுபதுகளின் பெல்பாட்டம், எண்பதுகளின் பேகி, பிறகு வந்த ஸ்லிம் என்று நாகரிகம் மாறிக்கொண்டே இருக்கும். பருத்தவர்கள் நாகரிகத்துக்கு முன்னால் தம் உடம்பைக் கேட்க வேண்டும்.

மேலே அகன்று கீழே மிகவும் ஒடுங்கும் ஸ்லிம் பேன்ட், வயிற்றையும் தொடையையும் இன்னும் பெரிதாகக் காட்டும். தொளதொளக்கும் பேகியோ உடம்பின் அளவையே கூட்டிக் காட்டும். நடுவழிதான் நல்லது. சீட்டிலும் தொடையிலும் தாராளம், முட்டியிலிருந்து மெதுவாக ஒடுங்கி, பாட்டம் 16 இஞ்சு அளவில் முடியட்டும். நல்ல உயரமும் பெரிய பாதமும் உள்ளவருக்கு 17 வரை போகலாம். கடையில் ‘ரெகுலர்’, ‘ரிலாக்ஸ்டு’ என்றும், மேலே தளர்ந்து கீழே சற்று ஒடுங்குவதை ‘டேப்பர்டு’ என்றும் சொல்வார்கள். இந்த மூன்றில் தேடுங்கள்.

பிளீட் வேண்டுமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. பக்கத்துக்கு ஒரு பிளீட் பருத்தவர்களுக்கு நன்மையே செய்யும். உட்காரும்போது விரிந்து இடம் கொடுக்கும், நிற்கும்போது மூடிக்கொள்ளும். இரண்டு, மூன்று பிளீட் வேண்டாம். துணி வயிற்றுக்குக் கீழே குவியும். பிளீட்டே வேண்டாம் என்பவர் துணியில் இரண்டு சதவீதமாவது லைக்ரா கலந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளம் ஷூவின் மேல் ஒரே ஒரு சிறு மடிப்போடு நிற்கட்டும். கீழே துணி குவிந்தால் உயரம் குறைந்து தெரியும்.

வெயிலுக்கேற்ற துணி

நம் பக்கம் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சித்திரையில் மட்டுமல்ல, புரட்டாசியிலும் காயும். பருத்தவர்களுக்குத் தொடை இடுக்கில் வியர்வை அதிகம், உரசலும் அதிகம். முழுப் பாலியெஸ்டர் துணி வியர்வையை உறிஞ்சாது. முழுக் காட்டன் உறிஞ்சும். ஆனால் மதியத்துக்குள் கசங்கும், முட்டி தள்ளும். தினசரி வேலைக்குக் காட்டனோடு சிறிது லைக்ரா கலந்ததோ, விஸ்கோஸ் அதிகமுள்ள கலப்புத் துணியோ பொருத்தம். அருப்புக்கோட்டைத் தறிகள் சேலைக்குப் பேர்போனவை. பாலியெஸ்டர்-விஸ்கோஸ் பேன்ட் துணிக்குப் பேர்போன ஊர் ராஜஸ்தானின் பில்வாரா. அங்கிருந்து வரும் துணிகளில் கலப்பு விகிதம் கரையிலோ அட்டையிலோ அச்சிட்டிருக்கும். கேட்டுப் படித்து வாங்குங்கள்.

பேன்ட் பிட் என்று வெட்டி வைத்து விற்பது பெரும்பாலும் 1.20, 1.30 மீட்டர். நடுத்தர உடம்புக்கு 58 இஞ்சு அகலத் துணியில் அது போதும். சீட் 44-ஐத் தாண்டியவருக்குப் போதாமல் போகலாம். அப்படிப் போதாதபோதுதான் தையல்காரர் கவட்டையில் ஒட்டுப் போடுவார், அல்லது சொல்லாமல் தளர்வைக் குறைத்துவிடுவார். அதனால் துணி எடுக்கும் முன்பே தையல்காரரிடம் அளவு கொடுத்து எத்தனை மீட்டர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சாண் கூடுதலாகவே எடுங்கள். மிஞ்சிய துண்டை வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் தொடை உரசித் தேயும்போது உள்ளே வைத்துத் தைக்க அதே துணி கிடைக்கும்.

தைப்பதா, வாங்குவதா?

மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி, 1892-இல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய ஆலைதான் பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது. தையல் நூலுக்குப் பேர்போன அந்த நிறுவனத்தின் ஆயத்த ஆடைப் பிரிவான மதுரா கார்மென்ட்ஸ்தான், 1989-இல் லூயி பிலிப்பையும் அதைத் தொடர்ந்து வான் ஹியூசன், ஆலன் சோலி போன்ற பெயர்களையும் இந்தியக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போனது. ரெடிமேட் பேன்ட் நம் ஊர்களில் பரவியதில் மதுரைக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு. ரெடிமேட்டில் தையல் சுத்தம், உடனே கிடைக்கும் வசதி, போட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு எல்லாம் இருக்கின்றன. நடுத்தர உடம்புக்கு அது போதும்.

ஆனால் ஆள் பெருத்தவருக்குத் தைப்பதே மேல். 44-க்கு மேல் ரெடிமேட்டில் நிறமும் ரகமும் குறையும், விலையும் கூடும். காரியாபட்டி போன்ற ஊரில் அளவெடுத்துத் தைக்கிற ஆள் இன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். பெருநகரத்தில் இருப்பவருக்கு அரிதாகிவரும் வசதி இது. இதை விட்டுவிடக் கூடாது.

தையல்காரரிடம் “அளவு பேன்ட் இருக்கு, இதே மாதிரி தைச்சிருங்க” என்று பழைய பேன்ட்டைக் கொடுத்துவிட்டு வருவதுதான் பொதுப் பழக்கம். அந்தப் பழைய பேன்ட்டின் குறையெல்லாம் அப்படியே புதியதிலும் வந்துவிடும். உடம்பில் அளவெடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்:

“அண்ணே, நான் வயித்துக்குக் கீழதான் போடுவேன். பைக்குல உக்காந்தா பின்னாடி இறங்குது. பின் உயரம் ஒன்றரை இஞ்சு கூட்டி வெட்டுங்க. தொடை பிடிக்கக் கூடாது. உள் தையல்ல ரெண்டு இஞ்சு விட்டு வைங்க.”

இந்த ஐந்து வாக்கியம் போதும். அவர் சாக்பீஸ் எடுத்துப் பின்பக்கத் துணியில் இடுப்புக்கோட்டைச் சாய்வாக மேலேற்றி வரைவதைப் பார்த்தால், சொன்னது புரிந்துவிட்டது என்று அறியலாம். இவற்றோடு இன்னும் சிலவற்றைக் கேட்டு வாங்கலாம்:

பின் நடுத்தையலிலும் பக்கத் தையலிலும் துணி விட்டு வைப்பது. எடை கூடினாலும் குறைந்தாலும் அதே பேன்ட் உதவும்.

சீட் தையலை இரட்டைத் தையலாக ஓட்டுவது. உட்காரும்போது பிரியும் இடம் அதுதான்.

கவட்டையில் உட்புறம் காட்டன் துணி வைத்துத் தைப்பது. உரசல் குறையும், துணியும் சீக்கிரம் தேயாது.

கொக்கியோடு உள்ளே ஒரு பட்டனும் வைப்பது. இழுவை இரண்டாகப் பிரிந்தால் கொக்கி பிடுங்காது.

பெல்ட் லூப் கூடுதலாக வைப்பது, அதிலும் பின்பக்கம் இரண்டு நெருக்கமாக.

இடுப்புப்பட்டியின் இரு பக்கமும் வெளியே தெரியாமல் எலாஸ்டிக் கொடுப்பது. சாப்பிட்ட பிறகு இடுப்பு ஒரு இஞ்சு விரிய அது இடம் தரும். வெட்கப்பட வேண்டிய காரியமே இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் போனால் எந்தத் தையல்காரராலும் டிரையல் பார்க்க முடியாது. ஆவணியிலேயே துணியைக் கொடுங்கள். முதலில் ஒன்று மட்டும் தைத்து, ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, திருத்தம் சொல்லி, பிறகு மற்றவற்றைத் தைக்கக் கொடுப்பதே சிக்கனம்.

இறுக்கத்தின் விலை

இறுக்கமான பேன்ட் தோற்றத்தை மட்டும் கெடுப்பதில்லை. 1993-இல் ஆக்டேவியோ பெஸ்ஸா என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். வயிற்றுச் சுற்றளவைவிட மூன்று இஞ்சாவது குறைந்த பேன்ட் போட்ட ஆண்களுக்குச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்று உபாதையும் நெஞ்செரிச்சலும் ஏப்பமும் வருவதைக் கண்டு, அதற்கு ‘இறுக்கப் பேன்ட் நோய்க்குறி’ என்று பெயரே வைத்தார்.

இறுக்கிய பெல்ட் தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகும் நரம்பை அழுத்தினால் அங்கே எரிச்சலும் மரத்துப்போதலும் வரலாம். பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம். தளர்த்திய பிறகும் மரத்துப்போதல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

தொடை இடுக்கில் படர்தாமரை நம் பக்கம் மிகச் சாதாரணம். இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது போகவே போகாது. மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தடவினால் முதலில் அரிப்பு அடங்கி, பிறகு நோய் பரவும். தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் விஷயம் இது. உள்ளே தொடையை மறைக்கும் நீளக்கால் காட்டன் டிரங்க் போடுங்கள். தாத்தாக்கள் போட்ட பட்டாபட்டியும் இந்த வேலையைத்தான் செய்தது. ஒரே பேன்ட்டை மறுநாளும் போடாமல், துவைத்து நல்ல வெயிலில் காயவைத்துப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. வயிற்றுக்குக் கீழே பேன்ட் போடுகிறவர் இருபது வருடம் 36-லேயே இருக்கலாம். வயிறு அதற்குள் பத்து இஞ்சு கூடியிருக்கலாம். பேன்ட் எண் உடல்நிலையைச் சொல்லாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பு வைத்து அளந்து பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்சுக்கு உட்பட்டு இருப்பது நல்லது என்பது மருத்துவ வரையறை. அதைத் தாண்டியிருந்தால் அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்த பிறகு நல்ல பேன்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறையட்டும், நல்லதுதான்; அதற்காக நடக்கவும் வேண்டும். நடப்பதற்கே தொடை உரசாத, இடுப்பில் இறங்காத பேன்ட் வேண்டும். இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு இன்றைக்கே சரியாகத் தைத்துக்கொள்ளுங்கள். உள்தையலில் துணி விட்டிருந்தால் நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.